முதுகெலும்பில் பரவிய புற்றுநோயின் வலி: ஊசித் துளை வழியே ஒரு சிகிச்சை

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து ஆறு ஆண்டுகள் நலமாக இருந்த ஒரு பெண்மணியை எண்ணிக்கொள்வோம். மூன்று வாரங்களாக அவருக்கு நடுமுதுகில் வலி. அசையாமல் படுத்திருந்தால் தேவலை போலிருக்கிறது. எழுந்து உட்காரும் அந்த நொடியிலும், புரண்டு படுக்கும்போதும் உயிர் போகிறது. தைலம் தேய்த்தாயிற்று, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாயிற்று, வாயுப்பிடிப்பு என்று யாரோ சொல்லக் கேட்டு கஷாயமும் குடித்தாயிற்று. கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், பதினோராவது மார்பு முள்ளெலும்பைக் கட்டி அரித்திருக்கிறது, எலும்பு சற்றே நசுங்கியும் இருக்கிறது. “ஊசி வழியாகக் கட்டியைச் சுட்டுவிட்டு, அந்த இடத்தில் சிமென்ட் வைக்கலாம்” என்கிறார் மருத்துவர். வீட்டாருக்குச் சுடுவதும் புரியவில்லை, சிமென்டும் புரியவில்லை. அவர்களுக்காகவும் அவர்களைப் போன்றவர்களுக்காகவும் எழுதப்படுவதுதான் இக்கட்டுரை.

முதலில் முள்ளெலும்பின் அமைப்பைப் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் முன்புறத்தில் முரசு போன்ற உருளை வடிவ உடல் உண்டு. உடம்பின் பாரத்தைத் தாங்குவது அதுவே. பின்புறத்தில் ஒரு வளையம் இருக்கிறது. அதன் நடுவே தண்டுவடம் இறங்குகிறது. உடலையும் வளையத்தையும் இருபுறமும் இணைக்கும் இரண்டு குட்டையான எலும்புப் பாலங்களைக் காம்புகள் என்பர். உருளையின் உட்புறம் கெட்டியான எலும்பன்று. ரஸ்க்கைப் பிட்டுப் பார்த்தால் தெரிவது போன்ற துளைகள் நிறைந்த வலைப்பின்னல், இடையிடையே இரத்தம் மிகுந்த மஜ்ஜை. இரத்தத்தில் மிதந்து வரும் புற்றுநோய்ச் செல்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது. போதாக்குறைக்கு, முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளில் வால்வுகள் இல்லை. இருமும்போதும் முக்கும்போதும் இடுப்புக்குழியின் இரத்தம் எதிர்த்திசையில் அந்தச் சிரைகளுக்குள் புகுந்துவிடும் என்பதை ஆஸ்கர் பேட்சன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் 1940இல் எடுத்துக்காட்டினார். புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்பை இத்தனை அடிக்கடி தேடிப் போவதற்கு இது ஒரு காரணம். மார்பகம், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களும் எலும்புக்குப் பரவும் இயல்புடையவை. பரவும் எலும்புகளில் முதலிடம் முதுகெலும்புக்கு. அதிலும் நடுமுதுகுப் பகுதிக்கு.

அங்கே குடியேறிய செல்கள் எலும்பைத் தாமே தின்பதில்லை என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். நம் எலும்பில் பழையதைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் எப்போதும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. புற்றுநோய்ச் செல்கள் இந்தக் கணக்கைக் குலைக்கின்றன. கரைப்பவை தூண்டப்பட்டால் எலும்பில் ஓட்டை விழுகிறது; சிறுநீரக, தைராய்டுப் புற்றுநோய்களில் பெரும்பாலும் இப்படித்தான். கட்டுபவை தூண்டப்பட்டால் எலும்பு தாறுமாறாகத் தடித்துப் போகிறது. புராஸ்டேட் புற்றுநோயில் இது வழக்கம். தடித்த எலும்பு வலுவான எலும்பு என்று பொருளன்று. ஆனாலும், நொறுங்கி விழும் அபாயம் ஓட்டை விழுந்த எலும்புக்கே அதிகம்.

இனி வலிக்கு வருவோம். “முதுகுவலி” என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மருத்துவருக்கு அது குறைந்தது மூன்று வேறு வலிகள். முதலாவது கட்டியின் வலி. கட்டி வளர்வதாலும், அது சுரக்கும் இரசாயனங்களாலும், எலும்பின் மேலுறை இழுபடுவதாலும் வருவது. நகர்ந்தாலும் நகராவிட்டாலும் இருக்கும், இரவில் கூடும், ஸ்டீராய்டு மாத்திரைக்குச் சற்று அடங்கும். இரண்டாவது எலும்பு பலமிழந்ததால் வரும் வலி. எழும்போதும், நிற்கும்போதும், திரும்பும்போதும் வெட்டி இழுக்கும், படுத்தால் தணியும். நாம் எண்ணிக்கொண்ட பெண்மணிக்கு இருப்பது முக்கியமாக இதுதான். மூன்றாவது, நரம்பு நசுங்குவதால் விலாவைச் சுற்றியோ காலுக்குக் கீழேயோ மின்சாரம் போல் ஓடும் வலி. ஒருவருக்கு மூன்றும் கலந்தும் இருக்கலாம். எந்த ஊசி, எந்தக் கருவி, அல்லது ஊசியே வேண்டாமா என்பதை முடிவு செய்வதில் ஸ்கேன் படத்துக்கு இருக்கும் பங்கு நோயாளி தன் வலியைச் சொல்லும் விதத்துக்கும் இருக்கிறது. “வலிக்குது டாக்டர்” என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், எப்போது, எந்த அசைவில், எவ்வளவு நேரம் என்று சொல்லும் நோயாளி சிகிச்சையின் பாதி வேலையைத் தாமே செய்துவிடுகிறார் என்பது என் கருத்து.

இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. கால்களில் பலவீனம், நடையில் தள்ளாட்டம், தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்ளுதல் அல்லது அறியாமல் போய்விடுதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தண்டுவடம் நசுங்குகிறது என்று அஞ்ச வேண்டும். அது அடுத்த வார ஓ.பி.க்குக் காத்திருக்கும் காரியமன்று. அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். அங்கே உடனடியாக டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து, முழு முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்து, அறுவை சிகிச்சையா கதிர்வீச்சா என்று முடிவு செய்வார்கள். நடை நின்றுபோவதற்கு முன் சிகிச்சை தொடங்கினால்தான் நடையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். இந்த நிலையில் ஊசிவழிச் சிகிச்சை மட்டும் போதாது.

அப்படிப்பட்ட அவசரம் இல்லாதபோது, வழக்கமான முதல் சிகிச்சை கதிர்வீச்சு. நம் ஊரில் “கரன்ட் வைப்பது” என்று சொல்வார்களே, அதுதான். கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே. 8 கிரே அளவை ஒரே நாளில் கொடுக்கலாம், அல்லது 30 கிரேயைப் பத்து நாள்களாகப் பிரித்துக் கொடுக்கலாம். வலி குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பத்தில் ஆறு பேருக்காவது வலி குறைகிறது. கட்டியை மட்டும் குறிபார்த்து அதிக அளவு கொடுக்கும் ஸ்டீரியோடாக்டிக் முறை சில இடங்களில் இதைவிட மேலான பலன் தந்திருக்கிறது: 2021இல் வெளியான ஓர் ஆய்வில், 24 கிரேயை இரண்டு தவணையாக இம்முறையில் பெற்றவர்களில் 35 விழுக்காட்டினருக்கு மூன்று மாதத்தில் வலி முற்றிலும் நீங்கியிருந்தது, வழக்கமான முறையில் 20 கிரேயை ஐந்து தவணையாகப் பெற்றவர்களில் அது 14 விழுக்காடு. ஆனால் கதிர்வீச்சுக்கு இரண்டு குறைகள் உண்டு. பலன் தெரிய ஒன்றிரண்டு வாரங்கள், சிலருக்கு அதற்கும் மேல், ஆகும். அதைவிட முக்கியமாக, அது கட்டியைக் கொல்லுமே தவிர, இடிந்த சுவரைத் தூக்கி நிறுத்தாது. கதிர்வீச்சுக்குப் பிறகு சில காலம் எலும்பு இன்னும் தளர்ந்துபோய் நசுங்குவதும் உண்டு. மேலும், தண்டுவடம் தாங்கும் அளவுக்கு ஓர் எல்லை இருப்பதால், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கரன்ட் வைக்க முடியாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஊசிவழிச் சிகிச்சைகள் வந்தன.

அவற்றில் மூத்தது சிமென்ட். 1984இல் பிரான்சு நாட்டின் அமியான் நகரில் பியர் கலிபேர், எர்வே தெராமோன் என்ற இரு மருத்துவர்கள், கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பில் இரத்தநாளக் கட்டி வந்து வலியால் தவித்த 54 வயதுப் பெண்ணுக்கு, ஊசி வழியாக எலும்புச் சிமென்டைச் செலுத்திப் பார்த்தார்கள். வலி நின்றது. 1987இல் அவர்கள் அதை வெளியிட்டபின் ‘வெர்டிப்ரோபிளாஸ்டி’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. சிமென்ட் என்றதும் கட்டட வேலை நினைவுக்கு வரும், இது அதுவன்று. பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக். இடுப்பு மூட்டு மாற்றும்போது உலோகத்தை எலும்போடு ஒட்டவும், பல் செட் செய்யவும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது. சிகிச்சை அறையில் பொடியையும் திரவத்தையும் கலக்கும்போது எழும் நெடி, பல் செட் செய்யும் இடத்தில் வீசும் அதே நெடிதான்.

சிகிச்சை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நோயாளி குப்புறப் படுத்திருப்பார். முழு மயக்கம் கொடுப்பதும் உண்டு. பல இடங்களில் அரைத்தூக்க மருந்தும், தோலிலிருந்து எலும்பின் மேலுறை வரை மரத்துப்போகும் ஊசியும் போதும். மேசையைச் சுற்றி ஆங்கிலச் ‘சி’ எழுத்து வடிவில் எக்ஸ்ரே கருவி நிற்கும், அல்லது சி.டி. ஸ்கேன் மேசையிலேயே சிகிச்சை நடக்கும். பட வழிகாட்டல் என்பதன் பொருள் இதுவே: மருத்துவர் உடம்பைத் திறந்து கண்ணால் பார்ப்பதில்லை, திரையில் பார்த்தபடியே ஊசியை நடத்துகிறார். ஊசியின் பருமன் ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர். அது நுழையும் வாசல் முன்பு சொன்ன காம்பு. மேலிருந்து எடுத்த படத்தில் காம்பு ஒரு நீள்வட்டமாகத் தெரியும். ஊசிமுனை அந்த வட்டத்துக்குள்ளேயே இருக்கும்படி, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி முன்னேற வேண்டும். வட்டத்தின் உள்விளிம்பைத் தாண்டினால் தண்டுவடம், கீழ்விளிம்பைத் தாண்டினால் நரம்பு வேர். ஆகவே ஒவ்வொரு சில மில்லிமீட்டருக்கும் படம் எடுத்துச் சரிபார்க்கிறார்கள். எலும்பின் உடலை ஊசி அடைந்ததும், தேவையெனில் அதே வழியாகச் சதைத் துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பலாம்.

சிமென்ட் கலந்த சில நிமிடங்களுக்குத் தண்ணீர் போலிருக்கும். அப்போது செலுத்தினால் சிரைகளுக்குள் ஓடிவிடும். பற்பசைப் பதத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குமேல் காத்திருந்தால் ஊசிக்குள்ளேயே இறுகிவிடும். பாகு காய்ச்சியவர்களுக்குப் பதம் தவறுவதன் கஷ்டம் தெரியும்; இங்கே மருத்துவரின் கையில் இருப்பதும் அதே போன்ற ஒரு சில நிமிட அவகாசந்தான். எக்ஸ்ரே படத்தில் தெரிவதற்காகச் சிமென்டில் பேரியம் சல்பேட் சேர்த்திருப்பார்கள். பக்கவாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டே துளித்துளியாகச் செலுத்தி, உருளையின் பின்சுவரை நெருங்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுவார்கள். மொத்தமாகச் செல்வது சில மில்லிலிட்டர், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. அவ்வளவு சிறிய அளவு எப்படிப் பாரம் தாங்கும் என்று கேட்கலாம். துளைகளுக்குள் புகுந்து இறுகும்போது அது நொறுங்கிய துணுக்குகளை ஒன்றோடொன்று பிணைத்து, அசைவை நிறுத்திவிடுகிறது. அசைவினால் வந்த வலி ஓரிரு நாளிலேயே, சிலருக்குச் சில மணி நேரத்திலேயே, குறைந்துவிடுகிறது.

இதன் இன்னொரு வடிவம் கைஃபோபிளாஸ்டி. சிமென்டுக்கு முன் சிறு பலூனை உள்ளே விரித்து, நசுங்கிய எலும்பைச் சற்றுத் தூக்கி, உருவான குழிக்குள் சிமென்டை நிரப்புவது. புற்றுநோயாளிகளிடம் இதைச் சோதித்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. 134 பேர் பங்கேற்றனர். முதுகுவலியால் அன்றாட வாழ்க்கை எவ்வளவு முடங்குகிறது என்பதை 0 முதல் 24 வரை அளக்கும் அளவுகோலில், பலூன் சிகிச்சை பெற்றவர்களின் சராசரி ஒரு மாதத்தில் 17.6இலிருந்து 9.1ஆகக் குறைந்தது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 18.2 என்பது 18.0 ஆனது, அவ்வளவுதான். எனினும், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் தெரிந்தே இருந்தது; வலி குறைந்ததில் நம்பிக்கைக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். வயதால் எலும்பு தேய்ந்து முறிந்தவர்களிடம் 2009இல் நடந்த இரண்டு ஆய்வுகளில், உண்மையாகச் சிமென்ட் வைத்தவர்களுக்கும் வைப்பது போல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தேய்மான முறிவும் புற்றுநோய் அரிப்பும் ஒன்றல்ல என்பதால் அந்த முடிவை அப்படியே இங்கே பொருத்த முடியாது; ஆனால் “சிமென்ட் வைத்தால் எல்லா முதுகுவலியும் போய்விடும்” என்று யாராவது சொன்னால் நம்பாமல் இருக்க அது போதும்.

சிமென்ட் எலும்பைத் தாங்கும். கட்டியைக் கொல்லும் என்று நம்பக்கூடாது. அந்த வேலைக்குத்தான் “சுடுவது”. அதே ஊசிக்குழாய் வழியாக ஒரு மின்முனையைச் செலுத்தி, ரேடியோ அலை அளவிலான மாறுமின்சாரத்தைப் பாய்ச்சினால், சுற்றியுள்ள திசுவின் அயனிகள் விடாமல் முன்னும் பின்னும் அதிர்ந்து உரசிச் சூடாகின்றன. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செல்கள் உடனே மடிகின்றன. சிக்கல் என்னவென்றால் நரம்புத் திசு 45 டிகிரிக்கு மேலேயே பழுதுபடத் தொடங்கும். சுடும் இடத்துக்கும் தண்டுவடத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான் இருக்கக்கூடும். அதனால் தண்டுவடத்துக்கு அருகே வெப்பமானி பொருத்திய மெல்லிய ஊசியை வைத்து, அளவு ஏறினால் நிறுத்துகிறார்கள். இடையில் கரியமில வாயுவையோ குளுக்கோஸ் நீரையோ செலுத்தி ஒரு திரை போல விலக்கி வைப்பதும் உண்டு. உப்பு நீரை இதற்குப் பயன்படுத்துவதில்லை, அது மின்சாரத்தைக் கடத்தும் என்பதால். சுட்டு முடித்ததும் கட்டி இருந்த இடம் பலமற்ற வெற்றிடமாகிவிடுவதால், பெரும்பாலும் அதே அமர்வில் சிமென்டையும் வைத்துவிடுகிறார்கள். நம் பெண்மணிக்கு மருத்துவர் சொன்னது இந்த இணைப்பைத்தான்.

சுடுவதற்கு நேர்மாறான முறையும் இருக்கிறது. ஆர்கான் வாயுவை ஊசிமுனையில் திடீரென விரியவிட்டால் அது கடுங்குளிராகிறது. சுற்றிலும் ஒரு பனிக்கட்டி உருண்டை உருவாகிறது. உறையவைத்து, உருகவிட்டு, மீண்டும் உறையவைப்பார்கள். இதன் பெரிய வசதி, அந்தப் பனி உருண்டை சி.டி. படத்தில் கருமையாகத் தெளிவாகத் தெரிவது. எல்லை எங்கே என்று கண்டுகொண்டே வேலை செய்யலாம். வெப்பத்துக்கு இந்த வசதி இல்லை. ஆனால் உருண்டையின் விளிம்பில் வெப்பநிலை பூச்சியம் டிகிரிதான். செல்கள் உறுதியாக மடிவது அதற்குச் சில மில்லிமீட்டர் உள்ளே. எனவே கட்டியைவிடப் பெரிய உருண்டை வேண்டும், அது தண்டுவடத்தைத் தொடவும் கூடாது. எலும்பைத் தாண்டித் தசைக்குள் வளர்ந்த பெரிய கட்டிகளுக்கு இம்முறை ஏற்றது. மைக்ரோவேவ் கொண்டு சுடுவதும் நடைமுறையில் இருக்கிறது. ஊசியே இல்லாமல் எம்.ஆர்.ஐ.க்குள் ஒலியலைகளைக் குவித்துச் சுடும் முறைக்கு எலும்புப் பரவல் வலிக்காக 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் தண்டுவடத்தின் அருகாமையால் முதுகெலும்பில் அதன் பயன் குறைவு.

யாருக்கு எது என்பது ஒரே மருத்துவர் தனியாக எடுக்கும் முடிவன்று. புற்றுநோய் மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், முதுகெலும்பு அறுவை மருத்துவர், இச்சிகிச்சையைச் செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் ஆகியோர் சேர்ந்து எடுக்க வேண்டியது. முதுகெலும்பு எவ்வளவு நிலைகுலைந்திருக்கிறது என்பதை மதிப்பிட 2010 முதல் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. கட்டி எந்த இடத்தில், அசைவில் வலிக்கிறதா, எலும்பு அரித்துப்போயிருக்கிறதா தடித்திருக்கிறதா, வரிசை பிசகியிருக்கிறதா, எவ்வளவு நசுங்கியிருக்கிறது, பின்பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறதா என்ற ஆறு கேள்விகளுக்கு மொத்தம் 18 மதிப்பெண். 6 வரை என்றால் நிலையாக இருக்கிறது. 13 முதல் நிலைகுலைந்துவிட்டது, அறுவை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். இடைப்பட்ட 7 முதல் 12 வரையில் உள்ளவர்களும் அவரது கருத்தைக் கேட்பது நல்லது. சிமென்ட் மிகவும் பயன்படுவோர் பலர் இந்த இடைப்பகுதியில்தான் இருக்கிறார்கள்.

எங்கோ கிருமித்தொற்று இருந்தாலும், இரத்தம் உறைவதில் கோளாறு இருந்தாலும் முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும். கீமோ நடந்துகொண்டிருப்பவர்களுக்கு, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கக்கூடும் என்பதால் தேதி குறிப்பதற்கு முன் இரத்தப் பரிசோதனை கட்டாயம். இரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. தாமாக நிறுத்தவும் கூடாது.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. சிமென்ட் எலும்புக்கு வெளியே சற்றுக் கசிவது சாதாரணம். பெரும்பாலும் அது படத்தில் மட்டுமே தெரியும், நோயாளிக்குத் தெரியாது. அரிதாக அது நரம்பையோ தண்டுவடத்தையோ அழுத்தலாம், சிரை வழியே நுரையீரலுக்குச் செல்லலாம். கட்டி பின்சுவரை அரித்திருப்பவர்களுக்கு இந்த அபாயம் சற்றுக் கூடுதல். சுட்ட இடத்தில் முதல் சில நாள்களுக்கு வலி அதிகமாவதும் உண்டு. அதைக் கண்டு சிகிச்சை தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

சிகிச்சை முடிந்தபின் ஓரிரு மணி நேரம் மல்லாந்து அசையாமல் படுத்திருக்கச் சொல்வார்கள். பிறகு எழுந்து நடக்கலாம். அன்றோ மறுநாளோ வீடு திரும்புவது வழக்கம். தையல் கிடையாது, சிறு பிளாஸ்திரிதான். மார்ஃபின் போன்ற மாத்திரைகளைப் பல நாள் சாப்பிட்டு வந்தவர்கள், வலி போய்விட்டதே என்று ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஊசி தொட்டது ஒரே ஓர் எலும்பை. உடம்பின் மற்ற இடங்களில் உள்ள நோய்க்கான மருந்தும், எலும்பு மேலும் கரையாமல் தடுக்கும் ஜோலெட்ரோனிக் அமிலம் அல்லது டெனோசுமாப் ஊசியும் வழக்கம்போல் தொடரும். சிமென்ட் வைத்த இடத்தில் பின்னர் கரன்ட் வைக்கத் தடையில்லை, எம்.ஆர்.ஐ. எடுக்கவும் தடையில்லை, அது காந்தத்துக்கு இழுபடும் பொருளன்று. இனி எந்த எக்ஸ்ரே எடுத்தாலும் அந்த முள்ளெலும்பின் நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு திட்டு தெரியும். புதிய மருத்துவரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோனால், அந்தத் திட்டு என்ன என்று அவர் தேடிக்கொண்டிருக்க நேராது.